ஆரணியை ஒரு தரம் கூப்பிட்டால்

1

எங்கள் வீட்டில் பிள்ளையை ஒரு தரம் கூப்பிடும் பழக்கம் இல்லை. "ஆரணி ஆரணி ஆரணி" என்று மூச்சு விடாமல் மூன்று தரம் கூப்பிடுவோம். சாப்பிட வரச் சொன்னாலும் அப்படித்தான், குளியலறையை விட்டு வெளியே வரச் சொன்னாலும் அப்படித்தான். கீழ்மாடியில் இருக்கும் சுவிஸ் மனிதர் ஒருநாள் லிஃப்டில் என்னைப் பிடித்து, உங்கள் மகளுக்குக் காது கேட்பதில் ஏதும் பிரச்சினையா என்று பக்குவமாக விசாரித்தார். இல்லை, இது எங்கள் கலாசாரம் என்றேன். விளக்கம் சொல்ல மனமில்லாத இடங்களில் எல்லாம் இந்த நாட்டில் எனக்குக் கைகொடுக்கிற சொல் அது.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படாது. பொழுதுபட்ட பிறகு படலையடியில் ஒரு குரல் உங்கள் பெயரை ஒரே ஒரு தரம் சொன்னால் யாரும் "ஓம்" என்று பதில் குரல் கொடுக்கமாட்டீர்கள். மனிசர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றது ஒரு தரம்தான் கூப்பிடும். இங்கே படலையும் இல்லை, இருட்டும் இல்லை. தெருவிளக்கு விடியும்வரை எரிகிறது. ஆனாலும் என் மனைவி சுகந்தி அந்தச் சட்டத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, தலைகீழாக மாற்றி வைத்துக்கொண்டாள். கூப்பிடுவது யார் என்பது அவளுடைய பயமல்ல. ஒரு தரம் கூப்பிட்டால் வருவது யார் என்பதுதான் அவளுடைய பயம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்த மாதம் இரண்டு காரியங்கள் ஒரே கிழமையில் நடந்தன. ஆரணியின் முதல் அல்பம் வெளிவந்தது. டீட்டிகோனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து இடுகாட்டில், குழந்தைகளின் வரிசைக்கு முன்னால், ஒரு பலகை நட்டார்கள்.

2

ஆரணி பாடுவது பிரெஞ்சில். எங்கள் வீட்டில் பிரெஞ்சு யாருக்கும் தெரியாது. நாங்கள் தமிழ் பேசி, வேலையிடத்தில் சுவிஸ் ஜேர்மன் பேசி, அலுவலகங்களில் எழுத்து ஜேர்மனோடு மல்லுக்கட்டி ஒருவாறு ஆட்களானவர்கள். பிரெஞ்சு பேசுகிற லோசானுக்குக் கட்டடக்கலை படிக்கப் போன பிள்ளை கிற்றாரோடு அங்கேயே நின்றுவிட்டாள். விடுமுறைக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் பாதி நேரம் யன்னலோரம் நின்று தொலைபேசியில் எங்களுக்கு விளங்காத மொழியில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"தமிழிலை பாடினாலும் கோயில் திருவிழாவிலை ஒரு மேடை ஒழுங்குபண்ணிக் குடுக்கலாம். இது ஆருக்கு விளங்கப்போகுது?" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். பிரெஞ்சுக்காரருக்கு விளங்கும் என்றேன். சொல்லும்போது எனக்கே வலித்தது. ஒரு பிள்ளை தன் மனதில் இருப்பதைச் சொல்ல, தாய் தகப்பன் நுழைய முடியாத மொழியாகத் தேடி எடுத்திருக்கிறாளே என்ற வலி. அதற்குக் காரணம் இருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நான் வேலை செய்வது ஒரு பெரிய சரக்குக் களஞ்சியத்தில். அங்கே மிஷேல் என்றொரு கொங்கோ நாட்டுக்காரர் என்னோடு பெட்டி அடுக்குகிறார். பிரெஞ்சு அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. அல்பம் வெளிவந்த அன்று காலை இடைவேளையில் பெருமையாக என் தொலைபேசியைக் கொடுத்து, என் மகள் என்ன பாடுகிறாள் என்று சொல்லும் என்றேன். அவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். கோப்பி ஆறிப்போனது.

"உன் மகள் நன்றாகப் பாடுகிறாள்," என்றார் ஜேர்மனில். "ஆனால் எல்லாப் பாட்டிலும் பாடுகிறவள் உயிரோடு இல்லை."

எனக்கு விளங்கவில்லை. காதல் தோல்வியோ என்று கேட்டேன்.

"இல்லை. இறந்துபோன ஒரு பெண் தன் வீட்டுக்குள்ளேயே நடந்து திரிகிறாள். அம்மா அவளுக்குத் தட்டில் சோறு போடுகிறாள், யாருக்கென்று அம்மாவுக்கும் தெரியாது. இன்னொரு பாட்டில், என்னை மூன்று தரம் கூப்பிடுகிறார்கள், முதல் இரண்டும் எனக்கில்லை என்று வருகிறது." அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். "கடைசிப் பாட்டின் முடிவில் இரண்டு சொல் எனக்குப் புரியவில்லை. அது உன் மொழியா?"

நான் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். இசையெல்லாம் அடங்கிய பிறகு ஆரணியின் குரல் "ஆரணி" என்று கூப்பிடுகிறது. ஒரே ஒரு தரம். பிறகு வெறும் மௌனம். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், தூரத்தில், சின்னதாக, "ஓம்" என்று ஒரு சத்தம்.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. அன்று நான் அடுக்கிய பெட்டிகளில் பாதியைத் தவறான வரிசையில் வைத்துவிட்டதாக மேற்பார்வையாளர் சொன்னார்.

3

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இருவருக்கும் பெயர் ஆரணி.

முதல் பிள்ளை பிறந்தபோது மருத்துவமனையில் அடுத்த நாளே பெயர் கேட்டார்கள். எங்களுக்கு முப்பத்தொன்றாம் நாளில்தான் பெயர் வைப்பது, அதற்கும் ஊரில் சாத்திரியார் எழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். தாதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயர் இல்லாமல் பிள்ளையைப் பதிய முடியாது என்றாள். யுத்த காலம். ஊரில் ஒருவரைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு எடுப்பதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும். சுகந்தி தன் மனதில் வைத்திருந்த பெயரைச் சொன்னாள். ஆரணி.

பிள்ளைக்கு இதயத்தில் குறை. முப்பத்தொன்று வரவில்லை.

பச்சைப் பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்பதுதான். கல்வெட்டுபவர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். இந்த நாட்டில் என் குடும்பப் பெயராகப் பதிந்திருப்பது என் தகப்பனின் பெயர். ஊரில் உயிரோடு இருக்கிற மனிசனின் பெயரைச் சவக்குழிக் கல்லில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வந்த திகதியும் போன திகதியும் எழுத வேண்டாம் என்று சுகந்தி சொன்னாள். அதனால் சாம்பல் நிறக் கல்லில் வெள்ளையாக அவர்களுடைய எழுத்தில் பெயர் மட்டும் வந்தது. ஐந்து எழுத்து.

மூன்று வருடங்களின் பின் மற்றவள் பிறந்தாள். ஊரில் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை என்றோ குப்பை என்றோ பெயர் வைப்பார்கள், எமன் முகம் சுளித்துக்கொண்டு போகட்டும் என்று. நானும் அப்படி ஏதாவது வீட்டுப் பெயர் வைப்போம் என்றேன். சுகந்தி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அவள்தான் வந்திருக்கிறாள், அவளுக்குப் பேர் இருக்கு," என்றாள். பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் திரையை இரண்டு முறை பார்த்து, இந்தப் பெயரில் உங்களுக்கு ஏற்கனவே ஒரு பிள்ளை பதிவாகியிருக்கிறதே என்றாள். "அதே ஆள்தான்," என்றாள் சுகந்தி தன் அரைகுறை ஜேர்மனில். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் மேசையைப் பார்த்தேன். சட்டத்தில் தடையில்லை என்று சொல்லி அடித்துக் கொடுத்தாள்.

முதல் சில மாதங்கள் நாங்களும் எல்லோரையும் போல ஒரு தரம்தான் கூப்பிட்டோம். ஒருநாள் மாலை பிள்ளை என் மடியில் நித்திரை. அது தெரியாமல் குசினிக்குள் நின்ற சுகந்தி, படுக்கையறைப் பக்கம் பார்த்து "ஆரணி" என்றாள். ஆளில்லாத அறைக்குள் கிலுகிலுப்பை கிலுங்கியது.

யன்னல் திறந்திருக்கும், காற்று என்றேன். சுகந்தி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யன்னல் திறந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து மூன்று தரம்.

ஆரணிக்கு இதை நாங்கள் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று பேசி முடிவெடுத்ததும் இல்லை. இறந்த பிள்ளையின் பேச்சை இருக்கிற பிள்ளையின் காதில் போடுவார்களா என்ன?

4

பலகை விஷயத்துக்கு வருகிறேன். சுவிஸில் உயிரோடு இருப்பவருக்கு மட்டுமல்ல, இறந்தவருக்கும் தங்கும் அனுமதிக்குக் காலம் உண்டு. இருபது இருபத்தைந்து வருடங்கள் கழிந்தால் கல்லையும் செடியையும் அகற்றிவிட்டுப் புல் விதைத்துவிடுவார்கள். உறவினர் விரும்பினால் இந்த மாத முடிவுக்குள் கல்லை எடுத்துச் செல்லலாம், எடுக்காத கற்களை நகரசபை அகற்றும் என்று பலகையில் இருந்தது. விசாவுக்கு அலைந்த காலத்துக் கடிதங்களைப் போல அதையும் எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

"கல்லை வீட்டை கொண்டுவருவம்," என்றாள் சுகந்தி.

"நீர் என்ன கதைக்கிறீர்? அதிலை என்ன பேர் எழுதியிருக்கு எண்டு தெரியுந்தானே?"

"என்ரை பிள்ளையின்ரை பேர்."

"உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை பேரும் அதுதான். குழிக்கல்லிலை எழுதின பேரை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு அவளை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதோ?"

"அப்ப அதை ரோட்டுக்கு உடைச்சுப் போடட்டும் எண்டுறீங்களோ? மற்றவளுக்கு வீடு இருக்கு, பாட்டு இருக்கு, ஊரெல்லாம் கைதட்டுது. இவளுக்கு அந்தக் கல்லை விட்டா என்ன இருக்கு?"

திரிம்பாக் கோயிலுக்குப் போயிருந்தபோது ஐயரைத் தனியே பிடித்துக் கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "உந்த நாட்டிலை கேக்கிற கேள்வியளுக்கு என்னட்டை விடை இல்லை," என்றார். "ஆனா ஒரு பேருக்கு ரெண்டு இடம் வைக்காதேங்கோ." அதை வீட்டில் சொன்னேன். ஐயருக்குப் பிள்ளை செத்திருக்காது என்றாள் சுகந்தி.

மிஷேல் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. எங்கள் மகள் இறந்தவளாகப் பாடுகிறாள் என்று எந்தத் தாய்க்குச் சொல்வது? அல்பத்தை அவள் சமைக்கும்போது போட்டுக் கேட்கிறாள். விளங்காததால் சந்தோசமாகக் கேட்கிறாள். கடைசிப் பாட்டு வரும்போது ஏதாவது சாட்டுச் சொல்லி நான் நிறுத்திவிடுவேன்.

5

அறிமுக நிகழ்ச்சிக்கு லோசானுக்கு வரச்சொல்லி ஆரணி இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தாள். ரயில் ஃபிரிபூர் தாண்டியதும் அறிவிப்புகள் பிரெஞ்சுக்கு மாறின. "இனி எங்களுக்குக் காது கேக்காது," என்றாள் சுகந்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு.

பழைய களஞ்சியம் ஒன்றை மண்டபமாக்கியிருந்தார்கள். நான் நாள் முழுக்க நிற்கிற மாதிரி ஒரு களஞ்சியத்துக்குக் காசு கொடுத்து ஆட்கள் வருகிறார்களே என்று சுகந்தியிடம் பகிடி விட்டபடி உள்ளே போனேன். வாசலில் ஒரு மேசை. அதன்மேல் அல்பத்தின் இசைத்தட்டுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தொலைபேசியில் நாங்கள் பார்த்தது ஆரணியின் முகம் போட்ட விளம்பரப் படத்தைத்தான். இசைத்தட்டின் உறையில் முகம் இல்லை. சாம்பல் நிறத்தின் நடுவில் வெள்ளையாக ஐந்து எழுத்து. அதே எழுத்து, அதே இடைவெளி. மேல்மூலையில் பாசி படிந்த இடத்தைக்கூட வரைந்திருந்தாள். ஒன்றின் பின் ஒன்றாக வரிசையாக நின்றன.

சுகந்தி என் கையைப் பிடித்தாள். "இவள் அங்கை போயிருக்கிறாள்," என்றாள்.

நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்று கேட்டால் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. பிள்ளை வெள்ளைச் சட்டையில் நின்று பாடினாள். குரல் அழகு. எங்களைத் தவிர எல்லோருக்கும் விளங்கியது. முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். முடிந்து விளக்கணைந்ததும் இன்னொரு பாட்டுக் கேட்டு மண்டபம் முழுவதும் எழுந்து நின்று "அரனீ, அரனீ, அரனீ" என்று கூப்பிடத் தொடங்கியது. பக்கத்தில் சுகந்தியின் உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள். "மூண்டு மூண்டாத்தான் கூப்பிடுதுகள்," என்றாள் என் காதுக்குள். "காரியமில்லை."

6

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஆரணி முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி இசைத்தட்டை அவள் முன்னால் வைத்தாள். பிள்ளை கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு," என்றாள். "நீச்சல் வகுப்பு முடிஞ்சு இடுகாட்டுக்குள்ளாலை குறுக்கை வந்தனான். என்ரை பேர் கல்லிலை இருந்தது. முன்னாலை அம்மா பல்கனியிலை வளர்க்கிற செவ்வந்திப்பூ, எங்கடை தயிர் டப்பாவுக்குள்ளை. அப்ப, நான்தான் எண்டு நினைச்சன்."

"என்ன, நீதான்?" என்றேன்.

"செத்தது."

அறைக்கு வெளியே ஆட்கள் சிரித்துக்கொண்டு பெட்டிகளை இழுத்தார்கள்.

"நான் செத்துப்போனன், நீங்கள் ரெண்டு பேரும் அதை எனக்குச் சொல்லாமல் வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். என்னை ஏன் மூண்டு தரம் கூப்பிடுறியள் எண்டும் அண்டைக்குத்தான் விளங்கினது. ஒரு தரம் கூப்பிட்டா எனக்குக் கேக்காது எண்டு உங்களுக்குத் தெரியும். நான் நித்திரையிலை இருக்கேக்கை அம்மா வந்து என்ரை மூக்கிலை கைவைச்சு மூச்சுப் பாப்பா. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பன், அம்மா என்ன செய்யிறா எண்டு பாக்க."

சுகந்தி கதிரையில் இருந்துவிட்டாள்.

"வளர வளர, எனக்கு முதல் ஒரு அக்கா இருந்திருக்க வேணும் எண்டு விளங்கினது அம்மா. நான் விசரி இல்லை. ஆனா முதல் நினைச்சது போகேல்லை. தமிழிலை கூப்பிட்டாலும் ஜேர்மனிலை கூப்பிட்டாலும் கூப்பிடுற ஆக்களுக்கும் எனக்கும் நடுவிலை அந்தக் கல் நிண்டது. இஞ்சை வந்த முதல் நாள், வகுப்பிலை ஒரு பேராசிரியர் என்ரை பேரை வாசிச்சார். ஒரே ஒரு தரம். பிழையாத்தான் சொன்னார். ஆனா எனக்குக் கேட்டது."

அதற்குத்தான் பிரெஞ்சு. தெரிந்தவர்கள் கேட்கிறபோது இனி நான் என்ன சொல்வது என்று யோசித்தேன். எங்களைத் தள்ளி வைக்கத்தான் அந்த மொழிக்குப் போனாள் என்று இத்தனை நாளும் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். பிள்ளை உயிரோடு இருக்கிற இடம் தேடிப் போயிருக்கிறாள்.

"கடைசிப் பாட்டிலை ஓம் எண்டு சொல்லுறது ஆர், நீயோ?" என்று கேட்டேன்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "நான் கூப்பிட்டது மட்டும்தான் அப்பா. அவளைத்தான் கூப்பிட்டனான். பதிலுக்கு இடம் விட்டு வைச்சனான், அவ்வளவுதான். பதிவு செய்தவர் கேட்டவர், பின்னாலை ஒரு சத்தம் இருக்கு, அழிக்கவோ எண்டு. விடுங்கோ எண்டனான்."

சுகந்திக்கு அப்போதுதான் கடைசிப் பாட்டைப் பற்றித் தெரிந்தது. அவள் அதைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. இடுகாட்டுப் பலகையைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். கல்லை எடுக்கப்போகிறார்கள், அதற்குமுன் வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறேன் என்றாள்.

"கொண்டுவாங்கோ," என்றாள் ஆரணி. "எங்கை வைப்பியள்?"

"உன்ரை அறை சும்மாதானே கிடக்கு. அதிலை…"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது சுகந்திக்குக் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்படிப் பயந்து பார்த்ததில்லை. ஆரணி எழும்பி வந்து தாயின் கையை எடுத்துத் தன் மூக்குக்குக் கீழே வைத்தாள். மூச்சு விட்டாள்.

7

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆரணி முதல் ரயிலில் வந்தாள். கல்லை ஏற்ற நான் ஒரு சின்ன வான் வண்டியை இரவலாக எடுத்து, பழைய போர்வையும் போட்டு வைத்திருந்தேன். சுகந்தி போர்வையைப் பார்த்துவிட்டு, "அது தேவைப்படாது," என்றாள்.

வரிசையில் பாதிக் கற்கள் ஏற்கனவே இல்லை. சதுரம் சதுரமாக ஈரமண் தெரிந்தது. சுகந்தி கல்லைக் கழுவினாள். மேல்மூலைப் பாசியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். செவ்வந்தியை வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து அந்தக் கிலுகிலுப்பையை எடுத்தாள். அது வீட்டில் இன்னும் இருப்பது எனக்குத் தெரியாது. கல்லின்மேல் வைத்துவிட்டு, குனிந்தபடியே, ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

"ஆரணி," என்று ஒரு தரம் கூப்பிட்டாள்.

என் மகளின் வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டாள். அந்தக் கூப்பாடு தனக்கில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் மூவரும் நின்றோம். பக்கத்துத் தெருவில் தேவாலய மணி அடித்து ஓய்ந்தது.

"நீ போ பிள்ளை," என்றாள் சுகந்தி கல்லைப் பார்த்து. "அம்மா இனி உன்னைக் கூப்பிடமாட்டன்."

கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். இடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நாங்களும் பார்க்கவில்லை. சரளைக்கல் பாதையில் பாதிதூரம் வந்திருப்போம். பின்னால் கிலுகிலுப்பை ஒருமுறை கிலுங்கியது. மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்று என்று இந்த முறை நான் சொல்லவில்லை. ஆரணி தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள். நடந்தோம்.

வானில் ஏறினோம். சுகந்தி முன்னால், பிள்ளை பின்னால். நான் சாவியைப் போட்டேன்.

"ஆரணி," என்றாள் சுகந்தி, திரும்பாமல். ஒரு தரம். "பெல்ட்டைப் போடு."

என் கை சாவியிலேயே நின்றுவிட்டது. கிலுகிலுப்பை கிலுங்கிய அந்த மாலைக்குப் பிறகு, இத்தனை வருடத்தில் இந்தப் பிள்ளையை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"ஓம் அம்மா," என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

நான் கவனமாகக் கேட்டேன். ஒரு குரல்தான்.